பொன்னியின் செல்வன் ஊர்களை வீடியோ எடுக்கப் போகிறீர்களா? ஏமாற்றாமல் எடுக்க ஒரு முழு வழிகாட்டி

ஆடி பிறந்தால் போதும், 'வந்தியத்தேவன் போன பாதையில் ஒரு பயணம்' என்று யூடியூபில் புதிது புதிதாக வீடியோக்கள் வரத் தொடங்கிவிடும். நான் ஒன்றையும் விடுவதில்லை. பள்ளி விடுமுறை ஒன்றில் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாவலின் ஐந்து பாகங்களையும் விழுந்து விழுந்து படித்த நாளிலிருந்து அந்த ஊர்ப் பெயர்களைக் கேட்டாலே எனக்கு ஒரு பரபரப்பு வரும். ஆனால் பத்து வீடியோ பார்த்தால் எட்டு ஏமாற்றமாகத்தான் முடிகிறது. ஏரிக்கு மேல் இருபது விநாடி ட்ரோன், பின்னணியில் படத்து இசை. அடுத்த காட்சியில் தஞ்சைப் பெரிய கோயில், அதற்கடுத்து தாராசுரத்துக் கல்தேர், பிறகு தஞ்சாவூர் அரண்மனை. கடைசியில் ஒரு வயலைக் காட்டி, "இங்கே இப்போது ஒன்றுமே இல்லை, மனசு வலிக்கிறது" என்று முடித்துவிடுகிறார்கள்.

அங்கே ஒன்றுமில்லை என்பது உண்மையல்ல. அரண்மனையைத் தேடிப் போனால் அரண்மனை கிடைக்காது, அவ்வளவுதான். சோழர்கள் கோயிலைக் கல்லில் கட்டினார்கள். தாங்கள் வாழ்ந்த மாளிகைகளைச் செங்கல்லிலும் மரத்திலும் கட்டினார்கள். கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டில் தோண்டியபோதும் செங்கல் அடித்தளங்கள்தான் வெளிப்பட்டன. மிஞ்சியிருப்பவை நீர்நிலைகள், கல்லில் வெட்டிய எழுத்துகள், ஊர்ப் பெயர்கள், வயலோரத்துச் சின்னப் பள்ளிப்படைகள், அதாவது இறந்த அரச குடும்பத்தாருக்கு எழுப்பிய நினைவுக் கோயில்கள். கேமராவை அவற்றின் பக்கம் திருப்புவது எப்படி என்பதைத்தான் இங்கே ஒவ்வொரு படியாகச் சொல்லப் போகிறேன்.

படி 1: கிளம்பும் முன் ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்

இந்த ஒரு வேலையைச் செய்தாலே பாதி ஏமாற்றம் தீர்ந்துவிடும். ஒவ்வொரு ஊருக்கும் மூன்று பத்திகள். கதை நடக்கும் காலத்தில் நிஜமாக இருந்து இன்றும் இருப்பது முதல் பத்தி. கல்கி கற்பனையில் கட்டியது இரண்டாவது. கதைக்குப் பிறகு வந்தது மூன்றாவது.

கதையின் காலம் சுந்தர சோழரின் கடைசி ஆண்டுகள், அதாவது 970-ஐ ஒட்டிய காலம். பெரிய கோயில் நிறைவடைந்தது 1010-இல். வந்தியத்தேவன் தஞ்சைக் கோட்டைக்குள் நுழைந்தபோது அந்த விமானம் இல்லை. தாராசுரம் இரண்டாம் ராஜராஜன் கட்டியது, அது பன்னிரண்டாம் நூற்றாண்டு. தஞ்சாவூர் அரண்மனையோ நாயக்கரும் மராட்டியரும் கட்டியது. அந்த அரண்மனையைக் காட்டி 'சுந்தர சோழர் படுத்திருந்த இடம்' என்று சொல்லும் வீடியோவை அதற்கு மேல் என்னால் பார்க்க முடிவதில்லை. பார்ப்பவர் ஒரு பிழையைக் கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் நீங்கள் சொல்லும் உண்மையையும் நம்ப மாட்டார்.

இந்தப் பத்திகளை நிரப்ப இரண்டு உதவிகள் போதும். ஒன்று, நாவலின் இறுதியில் கல்கி எழுதிய முடிவுரை. பலர் அதைப் படிக்காமல் மூடிவிடுகிறார்கள். மற்றொன்று, சோழர் வரலாற்றை எழுதிய சதாசிவ பண்டாரத்தார், நீலகண்ட சாஸ்திரி இருவரின் நூல்கள். 2022-இலும் 2023-இலும் வந்த திரைப்படத்தை மட்டும் இதற்கு ஆதாரமாக வைத்துக்கொள்ள வேண்டாம். அதன் சில காட்சிகள் மத்தியப் பிரதேசத்து ஓர்ச்சாவில் எடுத்தவை. அந்தக் கோட்டை மதில்களைக் கண்ணில் வைத்துக்கொண்டு காவிரிக் கரைக்கு வந்தால் எதைப் பார்த்தாலும் சிறியதாகத்தான் தெரியும்.

படி 2: மாதத்தைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள்

கதை ஆடிப் பதினெட்டில் தொடங்குகிறது. ஆங்கிலத் தேதியில் அது ஆகஸ்ட் 2 அல்லது 3. முதல் பாகத்தின் பெயரே 'புது வெள்ளம்'. கதை தொடங்கும் வீரநாராயண ஏரியைச் சித்திரை வெயிலில் படம்பிடித்தால் வெடித்த சேறுதான் கிடைக்கும். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-இல் திறப்பார்கள். அந்தத் தண்ணீர் கல்லணை தாண்டி, கொள்ளிடத்துக் கீழணைக்கு வந்து, வடவாறு வழியாக ஏரிக்குள் இறங்க வேண்டும். எனவே மேட்டூர் எப்போது திறந்தது, ஏரியின் நீர்மட்டம் எவ்வளவு என்று செய்தித்தாளில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஏரியின் முழு மட்டம் 47.5 அடி. நாற்பத்தைந்தைத் தாண்டியிருந்தால் பையைத் தூக்கிக்கொண்டு உடனே புறப்படலாம்.

கோடிக்கரைக்கு மட்டும் ஆடி சரிவராது. வலசைப் பறவைகள் வந்து சேர்வது ஐப்பசிக்குப் பிறகுதான். எல்லா ஊரையும் ஒரே வாரத்தில் முடிக்க நினைக்காமல் இரண்டு பயணமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

படி 3: வீரநாராயண ஏரியில் ஒரு முழு நாள்

பொதுவாக எல்லோரும் பத்து நிமிடத்தில் கடந்துவிடும் இடம் இது. நாவலுக்குள் நுழைகிற வாசலே இதுதான் என்பதால் நான் இங்கே ஒரு நாள் கேட்கிறேன்.

இன்றைய பெயர் வீராணம். கடலூர் மாவட்டம், சேத்தியாத்தோப்புக்கும் காட்டுமன்னார்கோயிலுக்கும் இடையில் நீளவாக்கில் கிடக்கிறது. முதலாம் பராந்தகனின் பட்டப்பெயர் வீரநாராயணன். அந்தப் பெயரில் இதை வெட்டுவித்தவர் அவருடைய மகன் ராஜாதித்தர். 949-இல் தக்கோலப் போரில் யானை மேலிருந்தபடியே உயிர்விட்ட அதே இளவரசர்தான். வடக்கிலிருந்து வரப்போகும் போருக்காகக் காத்திருந்த வீரர்களைக் கொண்டு வெட்டியது என்று கல்கி சொல்வதை ஏரிக்கரையில் நின்றே சொல்லுங்கள், அந்தக் கரையின் நீளம் மனதில் இறங்கும்.

வந்தியத்தேவன் மதகுகளை எண்ணிக்கொண்டே குதிரையில் வருகிறான். எழுபத்து நான்கு கணவாய்கள், அதாவது மதகுகள். உங்கள் படமும் அப்படியே வரட்டும். ட்ரோனைப் பைக்குள் வைத்துவிட்டு, ஒரு சைக்கிளோ பைக்கோ எடுத்துக்கொண்டு கரையோரமாக மெதுவாகப் போங்கள். ஒரு மதகு வந்ததும் நிறுத்துங்கள். உள்ளே இறங்கும் நீரின் ஓசையை இருபது விநாடியாவது, இசை எதுவும் சேர்க்காமல், பதிவு செய்யுங்கள். பிறகு அந்த வாய்க்கால் எந்த வயலுக்குப் போகிறது என்று அங்கே நிற்கும் ஒருவரிடம் கேளுங்கள். ஆயிரம் ஆண்டுக்கு மேல் இந்த ஏரி வேலை செய்துகொண்டிருக்கிறது. 2004 முதல் இதன் தண்ணீர் குழாய் வழியாகச் சென்னைக்கும் குடிநீராகப் போகிறது. சென்னையில் உட்கார்ந்து வீடியோ பார்க்கும் ஒருவரிடம், அவர் கையிலிருக்கும் தம்ளரில் வந்தியத்தேவன் பார்த்த ஏரி இருக்கக்கூடும் என்று நீங்கள் சொல்லலாம். இதைவிட நல்ல தொடக்கம் எந்த அரண்மனையைக் காட்டினாலும் கிடைக்காது.

மாலையில் காட்டுமன்னார்கோயில் வீரநாராயணப் பெருமாள் கோயிலுக்குப் போங்கள். நாதமுனிகளும் ஆளவந்தாரும் பிறந்த ஊர் இது. நாவலில் ஆழ்வார்க்கடியான் நம்பி தடியைச் சுழற்றிக்கொண்டு சைவர்களோடு வாதம் செய்தது இந்த ஊர் வீதியில்தான். ஏரியின் எழுபத்து நான்கையும் வைணவ மரபில் ராமானுஜர் நியமித்த எழுபத்து நான்கு ஆசாரியர்களான சிம்மாசனாதிபதிகளையும் இணைத்துப் பேசும் வழக்கமும் உண்டு. அங்குள்ள பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

படி 4: உடையார்குடிக் கல்வெட்டைத் தவற விடாதீர்கள்

அதே ஊரின் ஒரு பகுதி உடையார்குடி. அனந்தீஸ்வரர் கோயில் சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு, அதாவது 987 வாக்கில் வெட்டியது. சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலனின் கொலையைப் பற்றி 'பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளான' என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்ற பெயர்களைச் சொல்லி, அவர்களுடைய உறவினரின் சொத்து பறிக்கப்பட்ட செய்தியைக் கூறுகிறது. நாவலில் நாம் பயந்து பயந்து படித்த ரவிதாசன் இந்தக் கல்லில் இருக்கிறான். அதை முதன்முறை நேரில் பார்த்தபோது நான் அசையாமல் நின்றுவிட்டேன்.

யார் ஏவினார்கள், ஏன் ஏவினார்கள் என்று கல்வெட்டு சொல்லவில்லை. கல்கி நுழைந்த இடைவெளி அதுதான். அந்த இடைவெளியை அப்படியே காட்டுங்கள். 'கொலையாளி யார் தெரியுமா?' என்று தலைப்பு வைத்துவிட்டு ஒருவரைக் கைகாட்டுவது வேண்டாம். இன்னொன்று, நாவலை இன்னும் படிக்காதவர்களும் உங்கள் வீடியோவைப் பார்ப்பார்கள். கல்வெட்டுப் பகுதிக்கு முன்னால் ஓர் எச்சரிக்கை வரி போட்டுவிடுங்கள்.

கல்வெட்டைப் படம்பிடிக்கவும் ஒரு முறை இருக்கிறது. நேராக ஃபிளாஷ் அடித்தால் எழுத்து தட்டையாகி மறைந்துவிடும். காலை அல்லது மாலைச் சாய்வெயில் சுவரை உரசும் நேரத்துக்குக் காத்திருங்கள். வெயில் விழாத பக்கமென்றால் ஒரு நண்பர் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடிக்கட்டும், வெட்டின் ஆழத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். சுண்ணாம்பு, மாவு, எண்ணெய் எதையும் தடவக் கூடாது. திரையில் அந்த வரியைக் காட்டும்போது ஒவ்வொரு சொல்லாக விரல் வைக்காமல் சுட்டி, இன்றைய எழுத்தில் கீழே போடுங்கள். சோழர் காலத் தமிழைத் தன்னாலும் படிக்க முடிகிறது என்று தெரியும்போது பார்ப்பவருக்கு வரும் சந்தோஷம் தனி.

படி 5: கற்பனையைக் கற்பனை என்றே சொல்லிக் காட்டுங்கள்

காட்டுமன்னார்கோயிலிலிருந்து சில கிலோமீட்டரில் மேலக்கடம்பூர். சம்புவரையர் மாளிகையைத் தேடி வந்தவர்கள் இங்கேதான் மனமுடைந்து திரும்புகிறார்கள். அப்படி ஒரு மாளிகை இங்கே இருந்ததற்குச் சான்று இல்லை. வரலாற்றுச் சம்புவரையர் தொண்டை மண்டலத்தில், பல தலைமுறைக்குப் பின்னால் ஓங்கியவர்கள். இதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டு அமிர்தகடேஸ்வரர் கோயிலுக்குள் போங்கள். சக்கரமும் குதிரையும் பூட்டிய தேர் போலவே கருவறையைச் செதுக்கியிருக்கிறார்கள். இன்றுள்ள கற்கட்டடம் குலோத்துங்கன் காலத்தது. ஆனால் கடம்பூர்க் கரக்கோயிலை அதற்கும் பல நூற்றாண்டு முன்பே அப்பர் பாடிவிட்டார். நள்ளிரவுச் சதிக் கூட்டத்துக்குக் கல்கி ஏன் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தார் என்று யோசித்துப் பாருங்கள். கொலைகாரர்களின் பெயர் உள்ள கல் பக்கத்து ஊரில் இருக்கிறது. அவர் காரணத்தை எழுதி வைக்கவில்லை, ஆனால் இரண்டு ஊருக்கும் உள்ள தூரத்தைக் கேமராவில் காட்டினாலே பார்ப்பவருக்கு எதுவோ புரிந்துவிடும்.

படி 6: திருப்புறம்பயமும் பழையாறையும்

கும்பகோணத்தைத் தங்குமிடமாக வைத்துக்கொள்ளுங்கள். குடந்தை சோதிடர் வீடு எங்கே என்று தேட வேண்டாம், அதுவும் இரண்டாம் பத்தி.

திருப்புறம்பயம் மண்ணியாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் அமைதியான கிராமம். 880-ஐ ஒட்டி இங்கே நடந்த போரில் பல்லவன் அபராஜிதனோடு கங்க மன்னன் பிருதிவீபதியும் சோழரும் ஒரு பக்கம் நின்றார்கள், வரகுண பாண்டியன் மறுபக்கம். பிருதிவீபதி இங்கேயே விழுந்தான். வென்றது பல்லவன், ஆனால் வளர்ந்தது சோழன். அவனுடைய பள்ளிப்படையைச் சுற்றிக் காடு மண்டியிருப்பதாகக் கல்கி எழுதினார். இன்று காடு இல்லை, சிறிய கோயில்தான். அதற்காக உதட்டைப் பிதுக்க வேண்டாம். பொழுது சாயும் வேளையில் போய், ஆழ்வார்க்கடியான் மறைந்திருந்து ஒட்டுக்கேட்ட அத்தியாயத்தின் ஒரு சிறு பகுதியை அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டுப் படியுங்கள். கல்கியின் எழுத்து 1999-இல் நாட்டுடைமையாகிவிட்டதால் வாசித்துக் காட்டத் தடை இல்லை. சோழர் சரித்திரம் எழுதிய சதாசிவ பண்டாரத்தாருக்கும் சொந்த ஊர் இதுதான். 1892-இல் இந்தப் போர்க்களத்து ஊரில் பிறந்த ஒரு பிள்ளைதான் பிற்காலத்தில் அந்த வரலாற்றை எழுதினார். இதை ஏன் ஒருவரும் வீடியோவில் சொல்வதில்லை என்பது எனக்கு இன்றும் ஆதங்கம்தான்.

பழையாறை கும்பகோணத்துக்குத் தெற்கே, பட்டீஸ்வரத்தை ஒட்டி. இங்கே ஊர்ப் பலகைகளைத்தான் படம் எடுக்க வேண்டும். சோழன்மாளிகை என்றே ஒரு ஊர். ஆரியப்படையூர், பம்பைப்படையூர், மணப்படையூர், புதுப்படையூர் என்று சுற்றிலும் நான்கு படைவீடுகள். கோட்டை போய்விட்டது, ஆனால் படை எங்கே தங்கியது என்பதைப் பேருந்துப் பலகை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. இந்த நான்கு பலகைகளையும் ஒரு சுற்றில் வரிசையாக எடுத்து, கையால் வரைந்த ஒரு வரைபடத்தில் குறித்தீர்களானால் குந்தவையின் நகரம் எவ்வளவு பெரியது என்பது புரிந்துவிடும். பட்டீஸ்வரம் அருகே ராமநாதன்கோயில் ஊரில், ராஜேந்திரன் தன் சிற்றன்னை பஞ்சவன்மாதேவிக்கு எடுத்த பள்ளிப்படையையும் பாருங்கள். காலத்தால் பிந்தியது, ஆனாலும் பள்ளிப்படை என்றால் என்னவென்று காட்ட அதுதான் நல்ல இடம்.

நேரம் இருந்தால் கோனேரிராஜபுரம். செம்பியன் மாதேவி கண்டராதித்தரின் நினைவாக எழுப்பிய கற்றளி (கற்கோயில்), அதில் கண்டராதித்தர் சிவலிங்கத்தை வழிபடுவது போன்ற சிற்பமும் அதை விளக்கும் கல்வெட்டும் உண்டு. நாவலில் உயிரோடு நடமாடும் ஓர் அம்மையார் தன் கணவருக்காகச் செதுக்கச் சொன்ன உருவம். முதல் பத்தியில் சந்தேகமே இல்லாமல் எழுதக்கூடிய மிகச் சில பொருட்களில் இது ஒன்று.

படி 7: தஞ்சையில் எதைக் காட்டலாம்

பெரிய கோயிலைக் காட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சரியான காரணத்துக்குக் காட்டுங்கள். அங்குள்ள கல்வெட்டில் ராஜராஜன் 'நம் அக்கன் கொடுத்தனவும்' என்று தமக்கை குந்தவையின் கொடைகளையும் சேர்த்து எழுதச் சொல்கிறான். அந்தத் தமக்கையை 'வல்லவரையர் வந்தியதேவர் மகாதேவியார்' என்று கல்லே அடையாளம் சொல்கிறது. நம் கதாநாயகன் நிஜமாகவே வாழ்ந்தான் என்பதற்கு அந்தச் சுவர் சாட்சி. விமானத்தைக் காட்டும் நேரத்தில் பாதியை இந்த வரிக்குக் கொடுங்கள்.

படி 8: நாகப்பட்டினம், கோடிக்கரை

நாகையில் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடம் இன்று இல்லை. அந்த விகாரத்தை ஸ்ரீவிஜய மன்னர் கட்டியது ராஜராஜன் ஆட்சியில், 1006-ஐ ஒட்டி. கதைக்காகக் கல்கி அதைச் சில பத்தாண்டு முன்னே நகர்த்தியிருக்கிறார். கடைசியாக நின்றிருந்த செங்கல் கோபுரத்தையும் 1867-இல் இடித்துவிட்டார்கள். ஆனால் அந்த ஊர் மண்ணிலிருந்து கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆகவே நாகைப் பகுதியைக் கடற்கரையில் தொடங்கி எழும்பூரில் முடியுங்கள்.

கோடிக்கரை வேறு வகை. இங்கே கல்கி வர்ணித்தது அநேகமாக அப்படியே இருக்கிறது: காடு, சதுப்பு, உப்புக்காற்று, கடல். சோழர் காலத்தது என்று சொல்லப்படும் பழைய கலங்கரை விளக்கம் 2004 சுனாமியில் சரிந்துவிட்டது, அடித்தளத்துச் சிதைவைக் காணலாம். குழகர் கோயிலுக்குப் போகாமல் திரும்பாதீர்கள். இந்தக் கடற்கரைத் தனிமையில் துணைக்கு யாருமின்றி ஏன் இருக்கிறீர் என்று சுந்தரர் இறைவனையே கேட்டுப் பாடிய இடம் அது. பூங்குழலியின் தனிமைக்கு வேர் அந்தப் பதிகத்தில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். இங்கே பின்னணி இசை வேண்டவே வேண்டாம். காற்றுத்தடுப்பு உறை போட்ட மைக் ஒன்று கட்டாயம், இல்லாவிட்டால் அலையோசைக்குப் பதில் வெறும் இரைச்சல் பதிவாகும். காடு 1967 முதல் வனவிலங்கு சரணாலயம் என்பதால் வனத்துறை அனுமதிக்கும் நேரத்தில் மட்டும் போங்கள். ட்ரோன் பறக்க விடாதீர்கள், வெளிமானும் பூநாரையும் மிரண்டு ஓடும்.

மாமல்லபுரத்துக்கு வழிகாட்டி தேவையில்லை. திருக்கோவலூர் மலையமானும் பார்த்திபேந்திரனும் உட்கார்ந்து பேசிய பாறைகள் கதைக்கு முந்திய பல்லவர் காலத்தவை, அப்படியே நிற்கின்றன. இலங்கைப் பகுதியைத் தனி வீடியோவாக வைத்துக்கொள்ளுங்கள். அநுராதபுரம், தம்புள்ளை, பொலன்னறுவை மூன்றும் அவசரமாகப் பார்க்கும் ஊர்கள் அல்ல. பொலன்னறுவையில் வானவன்மாதேவி ஈச்சுரத்தைத் தவறாமல் எடுங்கள். சோழ அரசி ஒருவரின் பெயரில், ஈழத்தில் நிற்கும் சோழர் கற்றளி.

படி 9: அனுமதி

கோயிலுக்குள் செல்பேசிக்குத் தடை விதிக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. நடைமுறை கோயிலுக்குக் கோயில் மாறும். முதலில் செயல் அலுவலரைப் பார்த்து, எந்தச் சுவரை எதற்காக எடுக்கிறோம் என்று எழுதிக் கொடுங்கள். தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடங்களில் ஸ்டாண்ட் வைக்கவே தனி அனுமதி வேண்டும். சின்னப் பள்ளிப்படைகளில் சாவி பெரும்பாலும் பக்கத்து வீட்டில்தான் இருக்கும். பூசை நேரம் விசாரித்துக்கொண்டு போங்கள்.

படி 10: வெட்டி ஒட்டும்போது

நோட்டில் போட்ட மூன்று பத்தியை இப்போது திரையில் கொண்டு வாருங்கள். ஒவ்வொரு காட்சியின் மூலையிலும் 'அன்று இருந்தது', 'கல்கியின் கற்பனை', 'பின்னாளில் வந்தது' என்று சிறியதாக ஒரு வரி. உங்கள் முகம் வரும் காட்சிகளைக் குறைத்து ஊர்க்காரர்கள் பேசியதைக் கூட்டுங்கள். இருபது நிமிடத்தில் ஒன்பது ஊரை அடக்காமல் ஒரு வீடியோவுக்கு ஓர் ஊர், மிஞ்சினால் இரண்டு. வீடியோவின் கீழே எந்த மாதம் எடுத்தது, அன்று ஏரியின் மட்டம் எவ்வளவு, எந்த ஊரில் இறங்கி எப்படிப் போவது என்று எழுதிவிடுங்கள்.

வெளியிடும் முன் இரண்டு பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். ஒருவர் நாவலைத் தொடாதவர். இன்னொருவர், 1950-இலிருந்து 1954 வரை வாராவாரம் பத்திரிகைக்காகக் காத்திருந்து படித்த தாத்தாவோ பாட்டியோ உங்கள் சொந்தத்தில் இன்னும் இருந்தால், அவர். முதலாமவர் எங்கே முழிக்கிறாரோ அங்கே ஒரு வரி விளக்கம் சேருங்கள். பாட்டி எங்கே "இது அந்த இடம் இல்லையேப்பா" என்கிறாரோ அந்தக் காட்சியை எடுத்துவிடுங்கள்.